வாசக்காலில் ஒரு பட்டன்

ஆடிக்குத் தாய்வீடு போகிற புதுப்பெண் துணிமணி எடுத்துக்கொண்டு போவாள். ஆரித் தையல் வேலை செய்கிற மரச்சட்டத்தைக் கழற்றி, கயிறு போட்டுக் கட்டி, அப்பா தோளில் ஏற்றிக்கொண்டு போகமாட்டாள். தீபா அப்படித்தான் போனாள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அவள் மாமியார் மனோரமா அண்ணி, உள்ளே வந்ததும் தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்து, குடிக்காமலே கீழே வைத்துவிட்டாள்.

"ஒரு மாசத்துக்குப் போற பொண்ணுக்குச் சட்டம் இன்னாத்துக்கு தம்பி?" என்று என்னைக் கேட்டாள். பதில் எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் சிங்காரம் அண்ணனின் விசைத்தறி ஓடினால் இந்தப் பக்கம் என் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். என் பெண்டாட்டி புஷ்பலதா கல்யாணமாகி வந்த புதிதில் பூகம்பம் என்று வெளியே ஓடியிருக்கிறாள். இப்போது தறி நின்றால்தான் அவளுக்குத் தூக்கம் கலைகிறது. திருத்தணியில் மலைமேல் மணி அடிப்பது ஊருக்கெல்லாம் கேட்கும் என்பார்கள். எங்கள் தெருவைக் கணக்கில் சேர்க்காமல் சொல்வது அது.

அண்ணனும் அண்ணியும் சேர்ந்துதான் தறி ஓட்டுகிறார்கள். காட்டன் சேலை. காலமெல்லாம் அந்தச் சத்தத்தில் கிடந்து இருவருக்கும் காது பாதிதான் மிச்சம். காது மந்தமானவர்கள் மற்றவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. அண்ணி 'உப்பு குடு' என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். மனசு மட்டும் பூ. கோபித்துக்கொள்வதாக நினைத்துப் பயந்து போனவர்கள் பிறகு அவள் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு, காதே கேட்காத மருமகள் வந்தாள்.

தீபா மணவூர்ப் பெண். அப்பா பச்சையப்பன் அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். அண்ணிக்குப் பெரியப்பா மகன். குழந்தையாக இருக்கும்போது வந்த காய்ச்சலில் தீபாவுக்குக் காது போய்விட்டது. நன்றாகப் படித்தவள். எழுதினால் முத்து முத்தாக இருக்கும். உதட்டைப் பார்த்துப் பாதி பேச்சைப் புரிந்துகொள்வாள். வாயில் நாலைந்து வார்த்தைகள்தான் வரும். அதில் 'அத்தே' தெளிவாக வரும். அண்ணியின் மகன் தணிகைமணி அவளைப் பார்த்துவிட்டு வந்து, "கட்டுனா இந்தப் பொண்ணுதான் நைனா" என்றான். கம்பெனி வேலைக்காரன், விடியற்காலை ரயிலுக்குப் போய் இருட்டி வருகிறவன். அவனும் அவளும் ஒரே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு போனில் மெசேஜ் அனுப்பிக்கொள்வார்கள். பார்க்கிற நமக்குத்தான் சிரிப்பு வரும். அவர்களுக்குப் பேசித் தீராது.

சிக்கல் பகலில்தான். தீபா பிளவுஸுக்கு ஆரி வேலை செய்கிறவள். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்தால் கதவுக்கு முதுகு காட்டித்தான் ஆகவேண்டும். அண்ணி தறிக்கொட்டாயிலிருந்து வருவாள், வாசலில் நின்று ஒருமுறை கத்துவாள், பிறகு "அட, கேக்காதே" என்று தானே தலையில் தட்டிக்கொண்டு போய்த் தோளைத் தொடுவாள். தீபா தூக்கிவாரிப் போட்டுத் திரும்புவாள். ஊசி விரலில் ஏறியிருக்கும். அண்ணி "அய்யய்யோ" என்று அந்த விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்வாள். மறுநாளும் இதே கதை.

ஆனி மாதத்தில் ஒருநாள் தீபா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி பின்னால் வந்து தொட்டாள். மிளகாய்த்தூள் டப்பா எங்கே என்று கேட்கத்தான். பாத்திரம் சரிந்து, கொதிக்கிற கஞ்சி தீபாவின் பாதத்தில் கொட்டியது. கொப்புளம் ஆறுவதற்குள் ஆடி வந்தது, அழைத்துப்போக அப்பா வந்தார். மகள் நடையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். வேலை செய்கிறபோது நிமிடத்துக்கு ஒருதரம் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வதையும் பார்த்தார். சட்டத்தைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டார்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு ஒருநாள் சிங்காரம் அண்ணனைப் பார்க்கக் கொட்டாய்க்குப் போனேன். உள்ளே போனால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். தறியைச் சுற்றிக்கொண்டு போய் அவருக்கு எதிரே நின்று கையைத் தூக்கினேன். தறியில் நிற்கிறவரைப் பின்னாலிருந்து தொடக்கூடாது என்பது கொட்டாய்ச் சட்டம். திடுக்கிட்டால், நூலை இழுத்துக்கொண்டு பாய்கிற நாடாவின் வழியில் கை போய்விடும். அண்ணன் உள்ளங்கையைக் கவிழ்த்து 'இரு' என்றார். கட்டைவிரலை உதட்டருகே சாய்த்து 'டீக்கடையில் பேசலாம்' என்றார். நான் தலையாட்டினேன்.

டீக்கடையில் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஆனந்தா, ஃபிரிட்ஜி கதவ தொறந்தா உள்ள லைட்டு எரியுதே, அது எப்பிடி?"

நான் கடைத்தெருவில் எலக்ட்ரிக் சாமான் விற்கிறவன். இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எனக்கு உற்சாகம்தான்.

"கதவு வந்து மோதற எடத்துல ஒரு பட்டன் கீதுண்ணா. கதவு சாத்துனா அமுங்கிக்கும். தொறந்தா வெளிய வந்துடும், லைட்டு எரியும்."

"அது தனியா கெடைக்குமா?"

"பெரிய எடத்துல துணி பீரோவுக்கெல்லாம் வெக்கிறாங்க. கெடைக்கும். உங்க ஃபிரிட்ஜி இன்னா கம்பெனி?"

"ஃபிரிட்ஜிக்கு இல்ல. எம் மருமவ ரூமுக்கு."

டீ கிளாசை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் தெருவில் போகிற திருப்பதி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அது ஜன்னலப் பாத்து ஒக்காருது. ஜன்னலுக்கு மேல ஒரு லைட்டு. கதவு தொறந்தா அது எரியணும். பாத்து, யாரோ வராங்கன்னு தெரிஞ்சிகினு, அதுவா திரும்பணும். நம்ம போய்த் தொடக்கூடாது. நான் யோசிச்சிகினே கீறேன் ஆனந்தா, ராத்திரி பகலா. நம்ம ஊட்டுக்கு வந்த பொண்ணு நம்மளப் பாத்து பயந்துகினு கீதுன்னா நம்ம இன்னா மனுசங்க?"

சாமான் எடுத்துவர நானே ஆயிரம் வேலையை விட்டுவிட்டு மெட்ராஸ் போய்வந்தேன்.

சாமான் என்றால் பிரமாதம் ஒன்றுமில்லை. கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச், பன்னிரண்டு வோல்ட் அடாப்டர், ஒரு சின்ன எல்இடி விளக்கு, மெல்லிசு ஒயர். கீல் இருக்கிற பக்கமாக வாசக்காலில் ஒரு துளை போட்டு, பட்டன் மட்டும் வெளியே தெரிகிறமாதிரி பொருத்தவேண்டும். அண்ணன் டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணி வாசக்காலுக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"வாசக்கால்ல ஓட்ட போடுவியா நீ?"

"சின்ன ஓட்டதான்மா."

"வெள்ளிக்கெழமதோறும் மஞ்சப் பூசி பொட்டு வெக்கிறேன். ஈரக் கையோட பூசுவேனே, கரண்டு வந்து புடிச்சிக்கினா?"

"பன்னண்டு வோல்ட்டு அண்ணி, ஒண்ணும் பண்ணாது. டார்ச் லைட்டு மாதிரிதான்" என்றேன் நான்.

"சரி, கதவு?" அண்ணி விடவில்லை. "இது வேல செய்யணும்னா கதவ சாத்தி வெக்கணும்ல?"

"ஆங். தொறந்தே கெடந்தா லைட்டு எரிஞ்சிகினே கெடக்கும். சாத்துனாதான் அதுக்கு வேல."

"பட்டப்பகல்ல ரூம் கதவ சாத்திக்கினு புது மருமவ உள்ள ஒக்காந்தா தெரு இன்னா பேசும்? மாமியாரும் மருமவளும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்லன்னு சொல்லமாட்டாங்களா? இந்த ஊட்ல என்னிக்கி கதவ சாத்தனோம்?"

அண்ணி சொன்னது நிஜம். அந்த வீட்டில் கதவுகள் மரமாகத்தான் இருந்தன, கதவாக இருந்ததில்லை. துண்டு காயப்போடத்தான் பயன்பட்டன.

அண்ணன் மெஷினைக் கீழே வைத்தார். "வேணான்னா வேணாம். நீயே சொல்லு. அது திரும்பி வரணுமா, வேணாமா?"

அண்ணி என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான் இன்னா தம்பி தப்பு பண்ணேன்? அடிச்சனா? திட்டுனனா? தொட்டேன். கூப்புட்டா கேக்காதேன்னு தொட்டேன். எனக்குப் பொண்ணு இல்ல. இது வந்த அன்னிக்கி, பொண்ணு வந்துட்சின்னு எங்கம்மா போட்டோவாண்ட போயி சொன்னேன். இப்ப எங்கையப் பாத்தாலே பயப்படுதுன்னா, இந்தக் கைய வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?"

அழுதுவிட்டாள். சத்தமாகத்தான் அழுதாள், அவளுக்கு வேறு மாதிரி வராது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து எடுத்துவந்து, அண்ணன் பென்சிலால் குறித்திருந்த இடத்தில் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாள்.

"போடு" என்றாள்.

போட்டார். மஞ்சள் தூள் மரத்தூளோடு சேர்ந்து கொட்டியது. சுவிட்சை நான் மாட்டித்தருகிறேன் என்றால் கேட்கவில்லை, மருமகள் அறைக்குத் தானே செய்யவேண்டுமாம். எல்லாம் முடிந்து கதவைச் சாத்தினார். விளக்கு எரிந்தது. திறந்தார், அணைந்தது.

"இன்னாண்ணா, ராகுகாலத்துல மாட்டிட்டீங்களா?" என்றேன்.

அந்தச் சுவிட்சுக்கு மூன்று கால். எதில் மாட்டுவது என்பதில்தான் விஷயம். அண்ணன் கைக்குத் தறியின் பட்டன்தான் தெரியும்; அமுக்கினால் ஓடவேண்டும், அதுதான் அவருக்கு நியாயம். அமுக்கினால் அணைகிற பட்டன் ஒன்று உலகத்தில் உண்டு என்று நம்பவைக்க எனக்கு ஒரு டீ செலவானது. ஒயரை மாற்றி மாட்டியதும் கதவைத் திறந்து திறந்து பார்த்தார். அண்ணியும் பார்த்தாள். தணிகைமணி வேலைவிட்டு வந்து, அதைப் போனில் படமெடுத்து மணவூருக்கு அனுப்பினான். 'அப்பாகிட்ட சொல்றேன்' என்று பதில் வந்தது.

ஆவணி பிறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சையப்பன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். சின்னப் பை ஒன்று மட்டும். சட்டம் வரவில்லை. அண்ணியின் கண் முதலில் அதைத்தான் தேடியது.

சாப்பாட்டுக்குக் கறிக்குழம்பு, இட்லி, தீபாவுக்குப் பிடிக்கும் என்று தனியாக முருங்கைக்கீரை வடை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், விளக்கு மக்கர் செய்தால் ஆள் வேண்டுமே. தறி நிறுத்தியிருந்தது. தீபாவை அறைக்குள் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, அண்ணன் மெதுவாகத் திறந்தார். ஜன்னலுக்கு மேலே விளக்கு எரிந்தது. தீபா நிமிர்ந்து பார்த்தாள், திரும்பிப் பார்த்தாள், சிரித்தாள். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் மலைமேல் தேர் இழுத்த பெருமை.

பச்சையப்பன் பொறுமையாகப் பார்த்தார். அக்கா புருஷனை அவர் பாவா என்றுதான் கூப்பிடுவார். "நல்லாத்தான் கீது பாவா. செஞ்சிருக்கீங்க. இல்லேன்னு சொல்லல. ஆனா சோறு ஆக்கற எடத்துல?"

அண்ணன் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"அங்கியும் ஒரு கதவு போடுவீங்களா? கெணத்தடியில? நான் குத்தம் சொல்லல பாவா. அக்கா மேல எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க ஊட்ல இது சின்னதுலேந்து கீது, எங்களுக்குப் பழக்கம். எதுரதான் வருவோம். உங்களுக்குப் பழகாது. வயசு ஆயிடுச்சி."

"பழகிக்கறோம் பச்சையப்பா" என்றாள் அண்ணி. தன் குரலைக் குறைத்துப் பேச முயன்றாள். பாவம், பாதிக் குரல் போதவில்லை, யாருக்கும் கேட்கவில்லை. திரும்பவும் முழுக்குரலில் சொல்லவேண்டியிருந்தது.

"நாளைக்கி சேலை போகணும், பாவுல கொஞ்சம்தான் பாக்கி" என்று அண்ணன் எழுந்தார். அண்ணியும் பின்னாலேயே போனாள். விருந்தாளியை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இல்லை அவர்கள். அங்கே உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

தறி ஓட ஆரம்பித்தது. தரை லேசாக அதிர்ந்தது. கூடத்தில் நாங்கள் மூவர்: பச்சையப்பன், தணிகைமணி, நான். தீபாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. சற்று நேரத்தில் அது திறந்துகொண்டது. தீபா வெளியே எட்டிப் பார்த்தாள். யாராவது திறந்தார்களா என்று கண்ணால் கேட்டாள். இல்லை என்றோம். உள்ளே போனாள். மறுபடி வந்தாள். மறுபடி. முகம் வெளுத்திருந்தது.

தணிகைமணி எழுந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"மாமா, லைட்டு எரிஞ்சி எரிஞ்சி அணையுது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வீட்டு டம்ளர்களைத் தினம் கேட்கிற எனக்கே தோன்றவில்லையே! தறி ஓடினால் சுவர் ஆடும், சுவர் ஆடினால் வாசக்கால் ஆடும். கதவு மயிரிழை விலகி விலகிச் சேர, பட்டன் வெளியே வந்து வந்து போகிறது. தறி நின்றிருந்தபோது மாட்டினோம், தறி நின்றிருந்தபோது சோதித்தோம். தறி ஓடாத ஒரு நேரத்துக்காக மூன்று பேர் கூடி விளக்கு போட்டிருக்கிறோம்.

பச்சையப்பன் கைலியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். குரலில் கோபம் இல்லை; இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முன்னெல்லாம் எப்பவாவது பயந்துகினு இருந்தா. இப்ப ஓயாம பயப்படணும். உட்டுடு மாப்ள. நான் கூட்டிகினு போறேன். நீ ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போ."

தணிகைமணி தீபாவைப் பார்த்தான். அவள் அப்பாவின் உதட்டைப் படித்துவிட்டாள். பையை எடுக்க உள்ளே போனவள், அறைவாசலில் நின்று வாசக்காலில் உள்ளங்கையை வைத்தாள். பட்டன் இருக்கிற இடத்தில், மஞ்சள் தடவிய இடத்தில். அப்படியே நின்றாள். பிறகு கையைச் சுவரில் வைத்தாள். அதிர்வு வருகிற பக்கமாகச் சுவரைத் தடவிக்கொண்டே கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, கொட்டாய்க் கதவு வரைக்கும் போனாள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அவளை அண்ணி விட்டதே இல்லை. "பெல்ட்டுல முந்தான மாட்டிக்கினா கத்துனாலும் கேக்காதே" என்று பயம். தீபா கதவைத் தள்ளித் திறந்தாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

உள்ளே அண்ணன் ஒரு தறியில், அண்ணி எதிர்ப்பக்கத் தறியில். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கொட்டாய்ப் பேச்சு. எனக்கு அது இவ்வளவு காலமாகத் தெரியும், ஆனால் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும்.

அண்ணி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, ஊசி ஏறி இறங்குகிற மாதிரி ஆட்டினாள். பிறகு விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தைத் தூக்கினாள். 'ஊசி சாப்பிட்டாளா?'

அண்ணன் உள்ளங்கையில் பாதியை மறுகையால் வெட்டிக் காட்டினார். 'பாதிதான்.'

அண்ணி மறுபடி ஊசி விரலை ஆட்டினாள். கையை வெளிப்பக்கமாக விசிறினாள். 'ஊசி போய்விடுவாளா?'

அண்ணன் அறுந்த இழையைக் குனிந்து முடிந்தார். நிமிர்ந்தபோது தோள்பட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் தீபா பார்த்தாள். நான் முன்னால் போய் அவர்களிடம் சொல்லப் பார்த்தேன். தணிகைமணி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

தீபா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரும் சொல்லித்தராமலே தறியைச் சுற்றிக்கொண்டு போய், அண்ணிக்கு எதிரே நின்று, கையைத் தூக்கினாள்.

அண்ணி பதறித் தறியை நிறுத்தினாள். "நீ எங்கடி இங்க?" என்று கத்தியிருப்பாள். அண்ணன் தறி ஓடிக்கொண்டிருந்ததால் எங்களுக்குக் கேட்கவில்லை. தீபா ஊசி விரலை ஆட்டிக் காட்டினாள். தன் மார்பைத் தொட்டாள். புருவத்தைத் தூக்கினாள். 'இது நானா?'

அண்ணி திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள். அந்த வீட்டில் தீபாவுக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. கல்யாணமானதிலிருந்து தினமும் நூறுதரம் அந்தப் பெயரைச் சொல்லி அவளைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். அவளுக்கு மட்டும் சொல்லவில்லை.

தீபா அண்ணியின் கையைப் பிடித்தாள். விட்டாள். தன் முதுகைக் காட்டி, தோளைத் தட்டிக்கொண்டு, திடுக்கிட்டு, 'வேண்டாம்' என்று கையை ஆட்டினாள். பிறகு அண்ணியை நகர்த்தித் தனக்கு எதிரே நிறுத்தி, அண்ணியின் கையைத் தூக்கிவிட்டு, தலையாட்டினாள். 'இப்படி.'

அண்ணிக்கு அரை நிமிடம் ஆனது. பிறகு பளாரென்று தன் நெற்றியில் அறைந்துகொண்டாள். தறிக்காரிக்கு இதைச் சொல்லவேண்டுமா? புருஷனைக்கூடப் பின்னாலிருந்து தொட்டதில்லையே, இந்தக் கொட்டாய்க்குள்! கொட்டாய்க் கதவைத் தாண்டினதும் அந்த விதியும் அந்தக் கைப்பேச்சும் மறந்துபோய், வாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போயிருக்கிறாள்.

தீபாவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அண்ணி என்னவோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள், வாயெல்லாம் அழுகையும் சிரிப்புமாக. தறிச் சத்தத்தில் எங்களில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பச்சையப்பன் "இன்னா சொல்றாங்க, இன்னா சொல்றாங்க?" என்று என்னைப் பிடித்து உலுக்கினார். எனக்கு என்ன தெரியும்? உதட்டைப் படித்தவள் தீபா ஒருத்திதான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரைக்கும் இருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அன்றைக்குப் பச்சையப்பன் தனியாகத்தான் ரயில் ஏறினார். போகும்போது என்னிடம், "ஒரு வாரம் பாக்கறேன்" என்று கெத்தாகச் சொன்னார். வாரம் முடிவதற்குள் ஆரிச் சட்டத்தை அவரே தோளில் சுமந்துகொண்டு அரக்கோணத்தில் ரயில் மாறி வந்து இறங்கினார். "கடைய சாத்திட்டு வந்தேன். இது அங்க ஊட்ட அடைச்சிகினு கெடக்குது" என்று சலித்துக்கொண்டார். சலிப்பு வாயில்தான் இருந்தது.

கதவு ஆடுவதற்கு என் வீட்டுப் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இடுக்கில் ஒட்டினோம். விளக்கு இப்போது யோக்கியமாக எரிகிறது. கதவைத் தீபா சில நேரம் சாத்துகிறாள், சில நேரம் திறந்துபோட்டிருக்கிறாள், அவள் இஷ்டம். அண்ணி உள்ளே வந்தால் சுற்றிக்கொண்டு ஜன்னல்பக்கம் போய் நின்று கையைத் தூக்குகிறாள். சமையலறையிலும் அப்படித்தான், கிணற்றடியிலும் அப்படித்தான். பழக்கம் முற்றிப்போய், சந்தையில் காய்க்காரனிடமும் கையைத் தூக்கிவிட்டுத்தான் விலை கேட்கிறாள்.

இன்னொரு பட்டன் வேண்டும் என்று கேட்டு வந்தவள் தீபா. கடையில் வந்து நின்று, தாளில் எழுதவில்லை, கையாலேயே கேட்டாள். கொட்டாய்க் கதவுக்கு. அவள் டீ எடுத்துக்கொண்டு உள்ளே போனால் மாமனார் மாமியாருக்குத் தெரிவதில்லையாம். காதைக் காட்டி, கொட்டாய் இருக்கிற திசைக்குக் கையை நீட்டி, உதட்டைப் பிதுக்கினாள். அந்த இடத்தில் கேட்காதவர்கள் அவர்கள்தானே. அண்ணி தறிக்கு நேராக ஒரு விளக்கை மாட்டிக்கொடுத்தேன். அந்த வாசக்காலிலும் முதலில் மஞ்சள் பூசினார்கள்.

நேற்று ஒரு வேலையாக நான் கொட்டாய்க்குப் போனேன். கதவைத் திறந்ததும் உள்ளே விளக்கு எரிந்தது. அண்ணி திரும்பவில்லை. அறுந்த இழையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறுகையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, ஊசி ஏறி இறங்குகிற மாதிரி ஆட்டினாள். பக்கவாட்டில் தெரிந்த முகமெல்லாம் சிரிப்பு. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

கை அப்படியே நின்றது.

"நீயா?" என்று உதடு சொன்னது. அதைப் படிக்க எனக்கே தெரிந்தது.